வெடிப்பெட்டிக்குள் ஒரு மேனேஜர்

பூனை வளர்த்தால் தனிமை தெரியாது என்று சொல்கிறவர்கள் யாரும் பூனை வளர்த்திருக்க மாட்டார்கள். பூனை வளர்த்தால்தான் தனிமை நன்றாகத் தெரியும். நாம் பேச ஆரம்பிப்போம். அது பாதியில் எழுந்து போய்விடும். அப்படியும் நான் ஒன்று வளர்த்தேன். வளர்த்ததோடு நிற்காமல், அதைக் காப்பாற்றப் போய், ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் வெயிலில் இறக்கிவிட்டு, போலீஸ்காரர்கள் மணல் வாளியோடு வந்து நிற்கிற அளவுக்குப் பேரும் எடுத்தேன். இதை நானே சொல்லிவிடுவதுதான் நல்லது. நான் சொல்லாவிட்டால் என் சித்தி சொல்லுவாள். அவள் சொல்லும்போது பஸ் இரண்டாகிவிடுகிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனர். வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் வரைவதுதான் வேலை. நீங்கள் தீபாவளிக்கு வாங்கும் கிஃப்ட் பாக்ஸின் மேல் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் பட்டுத் துணி உடுத்தி, மத்தாப்பைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்களே, அந்தச் சிரிப்பில் நான் போட்டதும் உண்டு. பகல் முழுக்க அந்த மாதிரிக் குடும்பங்களை ஒன்றாக நிற்க வைத்துச் சிரிக்க வைப்பேன். சாயங்காலம் விஸ்வநத்தம் பக்கம் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்குப் போய்க் கதவைத் திறந்தால், வீட்டில் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் மிக்சிதான்.

சொந்த ஊர் ஒன்றும் சீமையில் இல்லை. விருதுநகர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் போக முடியாமல் இருந்தது. பேசி நிச்சயம் பண்ணிய கல்யாணத்தை நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதை நிச்சயம் முடிந்து, வந்தவர்கள் பந்தியில் பாயசம் குடித்த பிறகு சொன்னார், அவ்வளவுதான். (முன்னாலேயே சொல்லியிருந்தால் பாயசச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.)

அப்பாவுக்கு விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அங்கே வாயால் சொன்ன சொல்லுக்குத்தான் மரியாதை. அப்படிச் சொன்ன சொல்லை மகள் திரும்ப வாங்க வைத்துவிட்டாள் என்று அவருக்குப் பெரிய வருத்தம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். ஒரு தீபாவளி போனது, ஒரு பொங்கல் போனது, சித்திரைத் திருவிழா போனது. அவர் பேசவில்லை. அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அம்மா மட்டும் போன் பண்ணி, "சாப்பிட்டியா" என்று கேட்பாள். என்ன சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள், "அப்பா வாராக மாதிரி இருக்கு, வச்சிருதேன்" என்று வைத்துவிடுவாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, காட்டிக்கொள்ள அங்கே ஆளும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தான். வெள்ளை உடம்பு, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி கறுப்பு. ஜன்னல் வழியாக வந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, எல்லாவற்றையும் மோந்து பார்த்து, ஒன்றும் சரியில்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த ஒரே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டான். ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டு, காற்று வரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை எங்கள் கம்பெனியில் என்ன சொல்லிக் கூப்பிடுவோமோ அதையே பேராக வைத்துவிட்டேன்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லுவேன். ஆர்டர் கொடுத்த முதலாளி, "தீ இன்னும் தெறிக்கணும்மா" என்று ஏழெட்டுத் தடவை திருப்பி அனுப்பியது, வீட்டுக்கார அம்மா தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போட்டது, எல்லாம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று அவனிடம்தான் கேட்பேன். (சிரிக்காதீர்கள். வேறு யாரிடம் கேட்பது?)

அந்தப் பூதான் வினையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி கழற்றிப் போட்ட பூவை அவன் இழுத்துப் போட்டு விளையாடியிருக்கிறான். சனிக்கிழமை வாந்தி. ஞாயிறு பாலைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் நாற்காலியில் ஏற முடியாமல், கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்து, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். இவனும் போய்விட்டால் அந்த அறைக்கு நான் எப்படித் திரும்பி வருவேன் என்றுதான் நினைத்தேன். பூனையைப் பற்றிக்கூட முதலில் நினைக்கவில்லை, என்னைப் பற்றித்தான்.

கம்பெனிக்குப் போன் பண்ணினேன்.

"சார், இன்னைக்கு லீவு வேணும்."

"சீசன் நேரத்துல லீவா? யாருக்கு என்னம்மா?"

"மேனேஜருக்கு உடம்பு சரியில்ல சார்."

"நான் நல்லாத்தானம்மா இருக்கேன்" என்றார் எங்கள் மேனேஜர். விளக்கிச் சொன்னேன். சொன்னதும் விஷயம் அச்சகம் முழுக்கப் பரவி, ஆளுக்கு ஒரு வைத்தியத்தோடு போன் வர ஆரம்பித்தது. மெஷின் ஓட்டுகிற அண்ணன் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். பைண்டிங் அக்கா கண்ணேறு கழிக்கச் சொன்னார். இணையத்தில் தேடினேன், என் பூனைக்கு இருக்கக்கூடிய வியாதிகளில் பாதி எனக்கே இருப்பது தெரிந்தது. கடைசியில் ஒரு துண்டில் சுற்றி அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே வரிசை முழுக்க ஆடும் மாடும். எனக்கு முன்னால் இரண்டு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் துண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பூனைக்கா வைத்தியம் பாக்க வந்தீக?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டை ஒதுக்கிக்கொண்டு, "மொதல்ல போங்க. ரொம்பத் தளந்து கெடக்கு" என்றார்.

டாக்டர் ஒரு சின்ன வயது அம்மா. பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "என்னத்தையாவது முழுங்குச்சா?" என்றார்.

"தெரியலையே டாக்டர்."

"இங்கன பாருங்க, நாக்குக்கு அடியில. பூக்கட்டுற நூலு. நாக்கு வேர்ல சுத்திக்கிட்டு மிச்சம் வயித்துக்குள்ள போயிருக்கு."

நான் உடனே இழுக்கப் போனேன். கையில் ஓங்கி ஒன்று போட்டார்.

"இழுத்துராதீக. இழுத்தா குடலை அறுத்துரும். வயித்தைத் தெறந்துதான் எடுக்கணும். இங்கன அதுக்கு வசதி இல்ல. விருதுநகர்ல ஒரு டாக்டர் தனியா ஆஸ்பத்திரி வச்சுப் பாக்காக. நான் போன்ல சொல்லிருதேன். சாயங்காலத்துக்குள்ள கொண்டு போயிருங்க. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்தீகன்னா அது தாங்காது."

ஒரு ஊசி போட்டு அனுப்பினார். வெளியே வந்து ஆட்டோவைக் கேட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சிவகாசியில் சக்கரம் உள்ள எதுவும் சும்மா நிற்காது. ஒன்று லோடு ஏற்றிக்கொண்டு போகும், இல்லையென்றால் வெடி வாங்க வந்த வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும். ஓர் ஆட்டோக்காரர் மட்டும் நிறுத்தி, "விருதுநகருக்கா? பூனைக்கா?" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். பஸ்தான் கதி.

பஸ்ஸில் துண்டில் சுற்றிக்கொண்டு போக முடியாது, பெட்டி வேண்டும். இங்கேதான் நான் சிவகாசிக்காரியாக மாறிப்போயிருந்தது தெரிந்தது. எங்கள் பக்கம் பெட்டி என்றால் வெடிப்பெட்டிதான். வீடு மாறினாலும், சீர்வரிசை கொண்டுபோனாலும், விடுதியில் படிக்கிற பிள்ளைக்கு முறுக்கு அனுப்பினாலும் அந்த அட்டைப்பெட்டிதான். அதன் மேல் என்ன போட்டிருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை. அறைக்கு ஓடி, கட்டில் அடியில் கிடந்த சாம்பிள் பெட்டி ஒன்றை எடுத்து, மூச்சு விடக் காம்பஸால் துளை போட்டு, மேனேஜரை உள்ளே வைத்து, டேப் ஒட்டினேன். பெட்டியின் மேல் நானே வரைந்த படம். ஒரு பெரிய அணுகுண்டு வெடி, அதைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகத் தீ, அந்த முதலாளி ஆசைப்பட்ட மாதிரியே தெறித்துக்கொண்டு இருந்தது. நான் துளை போட்ட இடம், நேராகத் திரியின் நுனி.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பஸ்ஸில் வெடி ஏற்றக் கூடாது. சீசனில் கண்டக்டர்கள் டிக்கெட்டைக் கொடுக்கிறார்களோ இல்லையோ, பையைப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பாள்? பெட்டியைத் திறந்து, "அண்ணே, பூனை" என்று காட்டியிருப்பாள். நான் பூனையையும் ஏற்ற மாட்டார்களோ என்று பயந்து, துப்பட்டாவை எடுத்துப் பெட்டியைச் சுற்றி முக்காடு போட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கம் ஏறிவிட்டேன்.

கண்டக்டர் வந்தார். "பெட்டியில என்னம்மா?"

"புக்குண்ணே."

அவர் நம்பிவிட்டார். என் முகத்தைப் பார்த்தால் அப்போதெல்லாம் படிக்கிற பிள்ளை மாதிரிதான் இருக்கும்.

எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா. மத்தாப்புக் கம்பெனியில் வேலை. நகக்கண்ணில் வெள்ளிப் பொடி போகாமல் இருந்தது. அரை நாள் லீவில் ஊருக்குப் போகிறாராம். மடியில் டிபன் பை. திருத்தங்கல் தாண்டியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் பெட்டி அவர் கைமேல் பட்டது. கையை எடுக்காமல் வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா, ஒன் புக்கு சுடுதே" என்றார்.

பூனைக்குக் காய்ச்சல். அட்டை வழியாகச் சூடு தெரிகிறது. "வெயில்ல வச்சிருந்தேன்க்கா" என்றேன். அந்தக்கா என் முகத்தையே பார்த்தார். அதே நேரத்தில் பெட்டியின் அடி மூலையிலிருந்து ஏதோ சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. (பயத்தில் அவனுக்கு வந்துவிட்டது. எனக்கும் ஏறக்குறைய அந்த நிலைதான்.) கண்ணை எரிக்கிற ஒரு வாடை. நான் பதறிப் பெட்டியைத் தூக்க, துப்பட்டா நழுவிக் கீழே விழுந்தது. அணுகுண்டு வெடி ஊருக்கே தெரிந்தது. அதன் திரி நுனித் துளையிலிருந்து, "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது.

அந்தக்கா கத்தவில்லை. எழுந்து நின்று, சாதாரணக் குரலில், "டிரைவரண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க. எல்லாரும் எறங்குங்க" என்றார்.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அன்று பஸ்ஸில் ஒருத்தர்கூடக் கத்தவில்லை, ஒருத்தரை ஒருத்தர் தள்ளவில்லை. குழந்தைகளை முதலில் இறக்கினார்கள், அப்புறம் வயசானவர்களை. காலையில் வெடிக் கம்பெனி வேனில் ஏறிப் போனவர் திரும்பி வராத வீடு அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. நான், "பூனைங்க, பூனைதாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தக்கா கடைசியாக இறங்கினார். படியில் நின்று திரும்பி, "நீயும் எறங்கு தாயி. அது கெடக்கட்டும். நீ வா" என்றார்.

என்னை ஒருத்தர் வா என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அந்த நேரத்தில்தான் தோன்றித் தொலைத்தது. அழுகை வந்துவிட்டது. "இத விட்டுட்டு வர முடியாதுக்கா" என்றேன். அவர் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தார் என்று தெரியாது. தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கி ஓடினார். காலி பஸ்ஸில் நானும் என் பெட்டியும் இருந்தோம்.

பக்கத்தில் சோதனைச் சாவடி இருந்ததால் போலீஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஓர் எஸ்.ஐ., இரண்டு காவலர்கள், இரண்டு மணல் வாளி. பெட்டியைக் கொண்டுபோய் ரோட்டுக்கு அப்பால் ஒரு கருவேல மரத்தடியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். நான் நகர மாட்டேன் என்றதும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. எஸ்.ஐ. தூரத்திலிருந்து கையைக் குவித்துக் கேட்டார்.

"உள்ள என்னம்மா?"

"பூனை சார்."

"பூனைன்னா மியாவுன்னுல கத்தும். இது புஸ்ஸுங்குதே?"

"நூல் முழுங்கிருச்சு சார். நாக்குல சுத்திருக்கு. கத்த முடியாது. தெறந்து காட்டவா?"

"பெட்டியில கை வைக்காத. வெடி பத்தித் தெரிஞ்ச ஆளு வாராரு. அதுவரைக்கும் அசையாத."

"சாயங்காலத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும் சார்."

"யாருக்கு?"

"பூனைக்கு."

எஸ்.ஐ. காவலர்களைப் பார்த்தார். காவலர்கள் என்னைப் பார்த்தார்கள். பூனைக்கு ஆபரேஷன் என்று சொன்ன பிறகு, பெட்டியில் வெடி இருப்பது அவர்களுக்கு முழுசாக உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

"வீட்டு ஆளு நம்பர் சொல்லு" என்றார்.

அம்மாவின் நம்பரைச் சொன்னேன். அம்மா எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. "வேற ஆளே இல்லையா ஒனக்கு?" என்று எஸ்.ஐ. கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கடைசியில் அப்பாவின் கடை நம்பரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் வர மாட்டார் என்றும் சொன்னேன்.

வெயில் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் மரத்தடியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் போகிறவர்களை எல்லாம் போலீஸ் தூரமாகச் சுற்றிப் போகச் சொன்னது. என் பக்கம் ஒரு ஈ காக்காகூட வரவில்லை. துளை வழியாகக் கேட்டுப் பார்த்தேன், புஸ் சத்தமும் நின்றுபோயிருந்தது. "மேனேஜரு, செத்துராத" என்றேன்.

அப்போது விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு மொபெட் வந்தது. கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஏறி வந்திருக்கிறார். சட்டை, வேட்டி, புருவம் எல்லாம் வத்தல் தூள். என் அப்பா.

எஸ்.ஐ. அவரை நிறுத்தினார். "உங்க பொண்ணா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"எம் பொண்ணுதான் சார்."

அவ்வளவுதான், எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. எஸ்.ஐ. போகாதீர்கள் என்று சொல்லச் சொல்ல அப்பா நேராக நடந்து வந்து, பெட்டிக்கு முன்னால் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து, "அச்" என்று ஒரு தும்மல். அடுத்து இன்னொன்று. அப்பா மேல் இருந்த வத்தல் நெடி உள்ளே போய்விட்டது. தூரத்தில் நின்ற காவலர்களில் ஒருவரும் தும்மினார்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "வெடி தும்மாது சார்" என்றார்.

எஸ்.ஐ. கிட்டே வந்து, டேப்பைக் கிழித்துப் பார்த்தார். மேனேஜர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து, கொஞ்சம் மிச்சமிருந்த தெம்பில் ஒரு தடவை புஸ் என்றான். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கூடை வாங்கித் தொலைக்கக் கூடாதாம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிக்கொண்டேன். விருதுநகர் வரைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் பேச்சை நிறுத்துவது என்றால் அப்படித்தான். உதவி செய்வார்கள், சோறு போடுவார்கள், உயிரைக்கூடக் கொடுப்பார்கள், பேச மாட்டார்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு மாட்டியவர் விருதுநகர் டாக்டர்.

"எப்ப இருந்து சாப்பிடல?" என்று டாக்டர் அப்பாவைக் கேட்டார்.

"தெரிஞ்ச ஆளுகிட்ட கேளுங்க டாக்டர்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"சனிக்கிழமையில இருந்து டாக்டர். அப்பாவக் கடைக்குப் போகணும்னா போகச் சொல்லுங்க."

"கடைய அடைச்சாச்சுன்னு சொல்லுங்க டாக்டர்."

"நேரமாகும்னு சொல்லுங்க டாக்டர்."

"ஆகட்டும்னு சொல்லுங்க."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நான் உள்ள போயி பூனையப் பாக்கட்டுமா, இல்ல இங்கனயே நிக்கட்டுமா?" என்றார்.

அவர் உள்ளே போனதும் நடுவில் ஆள் இல்லாமல் போய்விட்டது. ஒரே பெஞ்சில் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். அப்பா கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. வேலையைப் பற்றி, அந்த அறையைப் பற்றி, அவர் பேசாத பண்டிகைகளை எல்லாம் பற்றி. ஒன்றுமே சொல்லவில்லை. அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே டாக்டர் வெளியே வந்தார். ஒரு கிண்ணத்தில் நூல்; நான் தலையில் வைத்திருந்த பூவின் நூல்தான், முழுசாக. பிழைத்துக்கொள்ளும் என்றார். மயக்கம் தெளியாத மேனேஜரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நான் நூல் கிண்ணத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்ததால் டாக்டர் அவனை அப்பாவின் மடியில் வைத்துவிட்டார். மூட்டைகளில் அசிங்கம் பண்ணிவிடும் என்று கடைப் பக்கம் பூனையை அண்டவிடாத மனிதர், இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ஒரு கையை அதன் முதுகில் வைத்தார். மூக்குக்குக் கீழே இருந்த மீசையைப் பார்த்தார்.

"பேரு என்னவாம்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"மேனேஜர்" என்றேன் நான், டாக்டரிடம். டாக்டர் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா குனிந்து பூனையைப் பார்த்தார். "ஏலே மேனேசரு" என்றார். "ஒங்கம்மா மத்தியானம் சாப்பிட்டாளான்னு கேளு."

ஒங்கம்மா என்றது என்னைத்தான் என்று புரியச் சற்று நேரம் ஆனது. "சாப்பிடலன்னு சொல்லுடா" என்றேன்.

"வீட்டுல கருவாட்டுக் கொளம்பு இருக்கு. வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

அன்று எங்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டேன். அம்மா அழுதாள். (போனை அரிசிப் பானைக்குள் மறந்து வைத்திருந்தாளாம்.) மேனேஜர் மயக்கத்திலேயே அப்பாவின் மடியில் இருந்தான்.

அதோடு அப்பா என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. அவர் பூனையோடுதான் பேச ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். எடுத்ததும், "மேனேசர்கிட்ட குடு" என்பார். ஸ்பீக்கரில் போட்டுப் பூனைக்குப் பக்கத்தில் வைப்பேன். "ஏலே, ஒங்கம்மா மெலிஞ்ச மாதிரி தெரிஞ்சா. ஒழுங்காச் சாப்பிடச் சொல்லு." "ஏலே, மழை வருதாம். கொடை எடுத்துட்டுப் போகச் சொல்லு." எனக்குப் பதவி உயர்வு வந்தபோது வாழ்த்து சொன்னது பூனைக்கு, கூடவே ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் பூனை பேருக்கு வந்தது. நான் இடையில் புகுந்து, "அப்பா, நேராத்தான் பேசுங்களேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "சத்தம் என்னலே அங்கன?" என்று பூனையிடம் கேட்டார்.

எங்கள் சொந்தத்தில் இது பெரிய சிரிப்பு. அப்பாவிடம் கடன் கேட்கவோ, கல்யாணத்துக்குக் கூப்பிடவோ யாராவது தயங்கினால், "மேனேஜர்கிட்ட மனு போடு" என்பார்கள். யாராவது தும்மினால், "சரி, இவன் வெடி இல்ல" என்பார் சித்தப்பா. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தி பஸ் கதையை ஆரம்பித்துவிடுவாள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இப்போதும் சிவகாசியில்தான், கொஞ்சம் பெரிய வீடு, ஜன்னல்கள் அதிகம். வருஷக்கணக்காக வாரத்துக்கு ஒரு நாள் அந்த வீட்டில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் மேனேஜர் செத்துப்போனான். வியாதி ஒன்றும் இல்லை, வயசு. நாற்காலியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மாவிடம் போன் பண்ணிச் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிருதேன்" என்றாள். சொல்லியும் விட்டாள். அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார் என்று அவளே பிறகு சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்க்கக்கூடாது என்று துணி துவைக்க உட்கார்ந்தேன். வழக்கமான நேரத்துக்கு அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். அந்தப் பக்கம் தராசுச் சத்தம், யாரோ விலை கேட்கிற சத்தம். அப்பா தொண்டையைச் செருமினார்.

"மேனேசர்கிட்ட குடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு, காலி நாற்காலிமேல் போனை வைத்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டேன். "குடுத்துட்டேன்" என்றேன்.

"ஏலே. ஒங்கம்மா அளுதாளா?"

"இல்லைங்கிறான்" என்றேன்.

அப்பா தராசைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "பொய் சொல்லுதான் பய" என்றார். "நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்னு அவகிட்ட சொல்லு."